இரண்டு பக்கமும் தாழ் வைத்த துவக்கு

1

இந்த முறை இங்கே ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போயிருந்தோம். கால்வாய்க் கரைப் பக்கமாக ஒரு மேசை போட்டு, தன் வீட்டு நேர்த்திக்கடனுக்குப் பஞ்சாமிர்தம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, என் மகள் நீட்டிய கையைத் தட்டிவிட்டார். அவள் நீட்டியது இடக்கை. அதற்குப் பிறகு அங்கே நடந்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் நாங்கள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. "துவக்குக் கட்டித் திரியிற திமிர்" என்று யாரோ சொன்னார்களாம். "பொம்பிளை எண்டா ஒரு அடக்கம் வேண்டாமோ" என்று இன்னொருவர் கேட்டாராம்.

ஊரில் இருக்கும் உங்களுக்கும் இந்தக் கதை கை கால் முளைத்து வந்து சேர்ந்திருக்கும். ஆளுக்கொரு விதமாக நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே எழுதிவிடுகிறேன். பஞ்சாமிர்தத்தைச் சொல்ல முதல் துவக்கைச் சொல்லவேண்டும். ஓம், என் இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. அது நான் வேலை செய்யும் காவல் நிறுவனத்தினுடையது. வேலை நேரத்தில் என்னிடம், வேலை முடிந்தால் அவர்களுடைய இரும்புப் பெட்டியில். நான் யாரையும் சுட்டதில்லை, சுடும் உத்தேசமும் இல்லை. ஆனால் அதைக் கட்டியிருப்பதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் உத்தேசமும் இல்லை.

2

எண்பதுகளில் அண்ணனோடு ஜேர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். அப்போது எனக்கு இருபது வயது. நான் கண்ட முதல் டொச்சுக்காரர், அதாவது ஜேர்மன்காரர், ஒரு எல்லைக் காவலர். இடுப்பில் கைத்துப்பாக்கி. அவருடைய முகம் இப்போது நினைவில் இல்லை, அந்தத் தோல் உறை மட்டும் நினைவில் நிற்கிறது. ஊரில் ஆமிக்காரனின் துவக்கைப் பார்த்துப் பார்த்து, மனிதரைப் பார்க்க முதல் இடுப்பைப் பார்க்கும் பழக்கம் வந்திருந்தது. அந்தப் பழக்கம் போவதற்கு நிறைய வருடங்கள் எடுத்தன.

பிறகு நான் செய்யாத வேலை இல்லை. அலுவலகங்களின் கழிவறைகளைக் கழுவினேன், பேக்கரியில் தட்டுகள் அடுக்கினேன், முதியோர் இல்லத்தில் துணி மடித்தேன். டொச் பேச வந்தபிறகு ஒரு காவல் நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆயுதம் இல்லாத காவல். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் நின்று, வழி கேட்பவர்களுக்கு வழி சொல்வதும் குடித்துவிட்டு வருபவர்களைக் கெஞ்சி வெளியே அனுப்புவதும் வேலை. போன வருடம் உதைபந்தாட்ட உலகக் கிண்ணப் போட்டி இங்கே நடந்தபோது, கார்களிலெல்லாம் கொடி பறந்தது, எங்களுக்கும் நிறைய வேலை இருந்தது. போட்டி முடிந்தது, கொடிகளைக் கழற்றினார்கள், ஆஸ்பத்திரி ஒப்பந்தமும் வேறு நிறுவனத்துக்குப் போனது.

இருந்த வழி இரண்டுதான். ஒன்று, மறுபடி விடிய முதல் எழும்பிக் கழிவறை கழுவப் போவது. மற்றது, எங்கள் நிறுவனத்துக்குப் புதிதாகக் கிடைத்திருந்த ஒரு இராணுவக் களஞ்சியத்தின் வாசல் காவல். இங்கே படை முகாம்களின் வாசலில்கூடப் பல இடங்களில் தனியார் காவலர்கள்தான் நிற்பார்கள். பகல் வேலை, காலவரையறை இல்லாத நிரந்தர ஒப்பந்தம். ஜேர்மன் கடவுச்சீட்டு வேண்டும், என்னிடம் இருந்தது. ஆயுதப் பயிற்சி முடித்துப் பரீட்சையில் தேறவேண்டும், அது இல்லை. பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இவர், என் கணவர், ஒரு இத்தாலிய உணவகத்தில் சமையல். அன்று இரவு வந்து சாப்பிட இருந்தவரிடம் சொன்னேன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"உமக்கென்ன விசரோ? துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்?"

"பயந்து வந்தது துவக்குக்கு இல்லை. அதைப் பிடிச்சிருந்த ஆக்களுக்கு" என்றேன். "இப்ப நான் பிடிக்கப் போறன். நான் எப்பிடியான ஆள் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?"

"அதுதான் பயமாக் கிடக்கு" என்றார் அவர். சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஊரில் சண்டை மறுபடி மூண்டிருந்த நேரம் அது. ஒவ்வொரு இரவும் செய்தி கேட்டுவிட்டுத்தான் படுப்பார்.

மகள் துளசிக்குப் பதினைந்து வயது. அவளுடைய புத்தகப் பையில் உடைந்த துவக்குப் படம் போட்ட வட்டச் சின்னம் ஒன்று குத்தியிருக்கும். பள்ளிக்கூடத்தில் யுத்தத்துக்கு எதிரான குழு ஒன்றில் இருந்தாள். "அம்மா, டாஸ் இஸ்ட் ஸோ பைன்லிஷ்" என்றாள். வெட்கக்கேடு என்று அர்த்தம். பிறகு எனக்கு விளங்காதோ என்று நினைத்து, தமிழிலும் சொன்னாள்: "என்ர ஃபிறெண்ட்ஸுக்கு நான் என்ன சொல்லுறது?"

"அம்மா கேற்றில நிக்கிறா எண்டு சொல்லு" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அந்த வருடத்தில் அவள் எங்களோடு பேசியதைவிட அந்தக் கதவு பேசியதுதான் அதிகம்.

3

பயிற்சிக்குத் தந்த கைத்துப்பாக்கி சின்னது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம், இடுப்பில் கட்டினால் வெளியே துருத்தாது. ஆனால் அதன் கைப்பிடி பருமன். பெரிய ஆம்பிளைக் கைக்குச் செய்தது. விரல்கள் பதிய மேடு பள்ளமாகச் செதுக்கியிருந்தார்கள், அந்தப் பள்ளம் ஒன்றிலும் என் விரல் போய் உட்காரவில்லை. பக்கத்தில் ஒரு சின்னத் தாழ். அதைக் கீழே தட்டினால்தான் சுடலாம், மேலே தட்டினால் பூட்டு. ஸிஷறுங் என்பார்கள். வலக்கையால் பிடித்தால் பெருவிரல் படும் இடத்தில், இடது பக்கத்தில் மட்டும் அது இருந்தது.

பயிற்சியாளர் ஹெர் கிறாமர், ஓய்வுபெற்ற பொலிஸ்காரர். நரைத்த மீசை, குறைந்த பேச்சு. நான் வலக்கையால் பிடித்தேன், சுட்டேன். இலக்கு அட்டையில் ஒன்றுமில்லை. பக்கத்து ஆளின் அட்டையில் ஒரு ஓட்டை கூடுதலாக இருந்தது. அவர் நல்ல மனிதர், புது அட்டை ஒன்றை மாட்டிவிட்டார். இரண்டு வாரம் இப்படியே போனது. என்னோடு படித்த பொடியன்களெல்லாம் வட்டத்துக்குள் சுடுகிறார்கள், நான் சுவருக்குச் சுடுகிறேன். கை நடுங்குவதாக நினைத்தேன். ஊர் ஞாபகம் கையைப் பிடிக்கிறதோ என்றுகூட நினைத்தேன். இங்கே எதற்கும் அப்படி ஒரு காரணம் சொல்லி மனநல வைத்தியரைப் பார்க்க நேரம் குறித்து ரெர்மின் எடுத்துத் தருவார்கள்.

ஒருநாள் இடைவேளையில் கிறாமர் "ஃப்ராவ் ராஜேஸ்வரி!" என்று கூப்பிட்டார். திரும்பினேன். கையிலிருந்த, சாவிகள் கோத்த திறப்புக்கோர்வையை என்னை நோக்கி எறிந்தார். பிடித்தேன்.

"எந்தக் கையால் பிடித்தீர்கள்?" என்று டொச்சில் கேட்டார்.

பார்த்தேன். திறப்புகள் இடக்கையில் இருந்தன.

"நீங்கள் இடக்கைக்காரி."

"இல்லை" என்றேன். "நான் வலக்கையால்தான் எழுதுவேன். வலக்கையால்தான் சாப்பிடுவேன். சேரும்போது தந்த தாளிலும் வலக்கை என்றுதான் புள்ளடி போட்டேன்."

"கத்தியால் வெங்காயம் வெட்டுவது?"

வெங்காயம் இடக்கை. ஊசி இடக்கை. விளக்குமாறு இடக்கை. மாங்காய்க்குக் கல் எறிந்ததும் இடக்கை. நாற்பது வயது தாண்டி ஒரு டொச்சுக்காரர் திறப்புக் கோர்வையை எறிந்து, என் கை எது என்று எனக்குக் காட்டிவிட்டுப் போகிறார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. கோபம் அவரில் இல்லை.

4

கோபம் ஏடு தொடக்கிய நாளில். தட்டில் பச்சரிசி பரப்பி என்னை மடியில் இருத்தினார்கள். நான் இடக்கை விரலை நீட்டினேனாம். வாத்தியார் அந்த விரலை மடக்கி, வலக்கை விரலைப் பிடித்து எழுதினாராம். அம்மா பிறகு வருடக்கணக்காக அதைப் பகிடியாகச் சொல்லிச் சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் பகிடி இல்லை, அடிமட்டத்தால் அடிதான். இடக்கை விரல் முழிகளில் விழும். வீட்டில் சாப்பிடும்போது இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கச் சொன்னார்கள். யாருக்கும் ஒன்றைக் கொடுப்பதென்றால் வலக்கை, பெரியவர்களுக்கென்றால் வலக்கையால் கொடுத்து, இடக்கை விரல்களால் வலது முழங்கையைத் தொட்டுக்கொள்ளவேண்டும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் இடக்கைக்கு மரியாதை உண்டு.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தெரியும். ஆனால் நல்ல எண்ணத்தில் விழுந்த அடியும் நொந்தது. எழுத்து அழகாக வரவில்லை, அதனால் மக்குப்பிள்ளை என்ற பெயரும் எனக்கு வந்தது.

துளசி இங்கே முதலாம் வகுப்புக்குப் போன கிழமையே அவளுடைய வாத்தியார் ஒரு பச்சைப் பிடி போட்ட கத்தரிக்கோல் கொடுத்துவிட்டார். இடக்கைப் பிள்ளைகளுக்கான கத்தரிக்கோல். அலகுகள் மாறியிருக்கும். அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு குசினியில் நின்றது ஞாபகம் இருக்கிறது. ஒரு கத்தரிக்கோலைத் திருப்பிச் செய்தால் முடிகிற வேலைக்கு எங்கள் ஊரில் எத்தனை அடிமட்டங்களை முறித்தார்கள் என்று நினைத்தேன்.

5

கிறாமரின் துப்பாக்கி ஒன்றை இடக்கையில் பிடித்துச் சுட்டுப் பார்த்தேன். வட்டத்துக்குள் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. ஆனால் தாழ் எதிர்ப்பக்கம் இருந்தது. அதைத் தட்ட மற்றக் கையைக் கொண்டுவர வேண்டியிருந்தது. பரீட்சையில் அது சரிவராது, வாசலில் நிற்கும்போது அறவே சரிவராது என்றார் கிறாமர். தாழை இரண்டு பக்கமும் வைக்கலாம், கைப்பிடிக்கு மெல்லிய பக்கத் தகடு போடலாம், செய்த தொழிற்சாலையே அந்தப் பாகங்களை விற்கிறது, அனுமதி பெற்ற துப்பாக்கித் திருத்துநர்தான் மாற்றவேண்டும், துப்பாக்கி நிறுவனத்தினுடையது என்பதால் நிறுவனம்தான் கேட்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

நிறுவன அலுவலகத்தில் ஃப்ராவ் வீலாண்ட் இருந்தார். என்னை விட வயது குறைந்தவர், எப்போதும் அவசரம். அவருடைய காரணமும் சும்மா காரணமல்ல. வாசலில் காவல் மாறும்போது துப்பாக்கியும் கை மாறும். ஒரே துப்பாக்கியைப் பலர் கட்டுவார்கள். ஒருவருக்காக மாற்ற முடியாது.

"மற்ற எல்லோரும் வலக்கைக்காரர்" என்றார். "நீங்கள் வலக்கையால் எழுதுகிறீர்கள்தானே? இன்னும் கொஞ்சம் பழகிப் பாருங்கள்."

"எனக்கு நாலு வயதில் இதையே சொன்னார்கள்" என்றேன். "அப்போது எனக்கு வாய் போதாது. இப்போது போதும்."

அவர் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு, எழுத்தில் தாருங்கள் என்றார். இங்கே ஒருவர் உங்களுடன் தொடர்ந்து பேச விரும்பவில்லை என்றால், எழுத்தில் தரச் சொல்வார்.

வீட்டில் அன்ட்ராக் எழுதக் குந்தினேன். விண்ணப்பம் எழுதுகிற டொச் வேறு மொழி. வாய்க்கு வரும் டொச் பேனாவுக்கு வராது. மூன்றாவது தாளைக் கசக்கி எறிந்தபோது துளசியின் கதவு திறந்தது. தண்ணீர் குடிக்க வந்தவள், கசங்கிய தாளை எடுத்து விரித்து வாசித்தாள்.

"உங்களை வலக்கையால சுடச் சொல்லுறாங்களோ?"

"ஓம்."

"எழும்புங்கோ, நான் எழுதுறன்."

"உனக்குத்தான் துவக்கு எண்டாலே பிடிக்காதே?"

"இப்பவும் பிடிக்கேல்ல" என்றாள். இடக்கையில் பேனாவை எடுத்துக்கொண்டாள். "பிஸ்ரல் அவங்கட. கை உங்கட."

என்ன எழுதினாள் என்பது முழுவதும் எனக்கு விளங்கவில்லை. தாழ் இரண்டு பக்கமும் இருந்தால் வலக்கைக்காரருக்கும் ஒரு குறையும் வராது, அவர்களும் அதே துப்பாக்கியைக் கட்டலாம் என்று ஒரு வரி இருந்தது. தெருவில் சின்னப் பிள்ளை கேட்டாலும் ஒத்துக்கொள்ளும் நியாயம் அது. ஃப்ராவ் வீலாண்ட் ஒத்துக்கொள்ளச் சில கிழமை எடுத்தது. பிறகு ஒருநாள் கிறாமர் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினார். அதே துப்பாக்கி. இரண்டு பக்கமும் தாழ். கைப்பிடியில் அந்த மேடு பள்ளம் போய், சொரசொரப்பான மெல்லிய தகடு. இடக்கையில் எடுத்தேன். பெருவிரல் தானாகப் போய்த் தாழில் படுத்தது. எனக்காக என்று இந்த நாட்டில் ஒரு பொருளை மாற்றித் தந்தது அதுதான் முதல் தடவை. அது ஒரு துவக்காக இருந்துவிட்டதே என்று கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

6

பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வெள்ளைத் தலை, நெட்டையான மனிதர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். எங்கள் ஊரில் என்றால் இப்படி ஒருவர் வந்தால் கதிரையிலிருந்து எழும்பி நிற்போம். நான் நன்றாகச் சுட்டேன். பொடியன்கள் திரும்பிப் பார்க்கும்படி சுட்டேன். சட்டக் கேள்விகளுக்கும் பதில் சொன்னேன். கடைசியாக இருந்தது கைமாற்றம். காவல் மாறும்போது துப்பாக்கியை அடுத்தவரிடம் கொடுப்பது. குழல் வாயை நிலத்தை நோக்கி வைத்து, குண்டுகளை எடுத்து, வெறுமை என்று கண்ணால் பார்த்து, தாழைப் போட்டு, பிடித்த அதே கையால் கொடுக்கவேண்டும். நூறு தடவை பழகியது. பழகியதெல்லாம் என்னோடு படித்த பொடியன்களிடம் கொடுத்து.

அந்த அதிகாரி முன்னால் வந்து கை நீட்டினார்.

என் மூளைக்கு ஒன்றும் தெரியாது, கைக்குத்தான் தெரியும். வெள்ளைத் தலை, பெரிய மனிதர், கை நீட்டுகிறார். குண்டுப் பெட்டியைக் கழற்றினேன். அதோடு சரி, வெறுமை பார்க்கவில்லை, தாழ் போடவில்லை. துப்பாக்கியை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினேன், இடக்கை விரல்களால் வலது முழங்கையைத் தொட்டேன், தலையைக் கொஞ்சம் குனிந்து, மரியாதையாக நீட்டினேன். மாறும்போது குழல் வாய் அவருடைய வயிற்றுக்கு நேராகக் கடந்து போனது.

அவர் ஒரு எட்டுப் பின்னால் வைத்து "ஹால்ட்!" என்றார். கிறாமர் துப்பாக்கியை வாங்கித் திறந்து பார்த்தார். உள்ளே குண்டு இருக்கவில்லை. அதனால் ஒன்றும் மாறவில்லை. தேறவில்லை என்று எழுதினார்கள். இன்னும் ஒரே ஒரு தடவை தரலாம், அதிலும் தவறினால் இந்த வேலைக்கு வரமுடியாது என்றார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் கிறாமர் என்னிடம் வந்தார். "ஏன் கையை மாற்றினீர்கள்?" என்று கேட்டார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. சொன்னேன். எங்களுக்குள் பெரியவர்களுக்கு இடக்கையால் கொடுப்பது அவமரியாதை என்று சொன்னேன்.

அவர் யோசித்தார். "எங்களிடம் மரியாதை என்றால்" என்றார், "குழல் என்னைப் பார்க்கக்கூடாது. அவ்வளவுதான்."

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தாழை மாற்றித் தந்தார்கள், கைப்பிடியை மாற்றித் தந்தார்கள். எனக்குள் பூட்டியிருந்த தாழை எந்தத் திருத்துநரிடம் கொண்டுபோவது? ஒருவரிடமும் கொண்டுபோகப் போவதில்லை, நானே தட்டிவிடுகிறேன் என்று முடிவெடுத்தேன்.

7

அடுத்த நாள் காலை இவருக்குத் தேநீர் ஊற்றினேன். கோப்பையை இடக்கையில் எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

"இஞ்சருங்கோ, தேத்தண்ணி."

கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன இது, இடக்கையால? செத்தவீட்டுக்கோ தாறீர்?"

"பரீட்சைக்கு."

"மேசையில வையும்."

"வைக்க மாட்டன். கையில வாங்குங்கோ."

அவர் செய்தித்தாளை விரித்தார். நான் நின்றேன். கோப்பை சூடு, விரல் பொரிந்தது, நான் நின்றேன். அவர் எழும்பிக் குசினிக்குப் போய்த் தானே ஒரு தேநீர் ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அடுத்த நாளும் இடக்கையால் நீட்டினேன். அதற்கடுத்த நாளும். உப்பு, சீப்பு, தொலைக்காட்சிப் பெட்டியின் றிமோட், கடிதம், எல்லாம் இடக்கையால். முழங்கையைத் தொடுவதில்லை, தலை குனிவதில்லை. பொய் சொல்ல மாட்டேன். இருபது வருடம் என்னோடு குடித்தனம் நடத்திய மனிதனை வேண்டுமென்று அவமதிப்பதுபோல் இருந்தது.

துளசிக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. கதவைத் திறந்து வெளியே வந்தாள். "அப்பா, பிற்ற" என்று, இந்தாங்கோ என்ற அர்த்தத்தில், எல்லாவற்றையும் இடக்கையால் எடுத்து நீட்டுவாள். அவளுக்கு அது இயல்பான கை, எனக்கோ பரீட்சை. ஒரு கட்டத்தில் அவள் என்னைத் திருத்தவும் தொடங்கினாள்: "அம்மா, திரும்பவும் முழங்கையைத் தொட்டிட்டீங்கள்."

ஒருநாள் இவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் எங்கேயோ குண்டு விழுந்து ஆட்கள் செத்துப்போன செய்தி. நான் கோப்பையை நீட்டினேன். கண்ணை எடுக்காமலே வாங்கிக் குடித்தார். பாதி குடித்த பிறகுதான் எந்தக் கை என்று நினைவு வந்திருக்கவேண்டும், கோப்பையைப் பார்த்தார்.

"உம்மோட ஏலாது" என்றார்.

"ஏலாதுதான்" என்றேன்.

இரண்டாம் பரீட்சைக்கும் அதே வெள்ளைத்தலை அதிகாரிதான் வந்தார். முன்னால் வந்து கை நீட்டினார். குழல் நிலத்தை நோக்கி, குண்டுகள் வெளியே, உள்ளே பார்த்தேன், வெறுமை. பெருவிரலால் தாழை மேலே தட்டினேன். இடக்கையால், ஒரு கையால், நிமிர்ந்து நின்று, அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு கொடுத்தேன். ஒரு பெரிய மனிதருக்கு என் வாழ்க்கையில் இடக்கையால் ஒன்றைக் கொடுத்தது அன்றுதான். அவர் வாங்கிக்கொண்டு "டாங்க" என்றார். நன்றி என்றுதான் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை.

8

இப்போது வாசலில் நிற்கிறேன். நிரந்தர ஒப்பந்தம். விடிய முதல் எழும்பிக் கழிவறை கழுவப் போவதில்லை. ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். காவலர் எந்தக் கையால் துப்பாக்கி எடுப்பாரோ அந்தக் கை எப்போதும் வெறுங்கையாக இருக்கவேண்டும் என்பது விதி. அடையாள அட்டையை வாங்குவதும் கொடுப்பதும் மற்றக் கையால்தான். என்னோடு நிற்கும் வலக்கைக்காரப் பொடியன்கள் எல்லாம் இடக்கையால் வாங்கி இடக்கையால் கொடுக்கிறார்கள். நான் ஒருத்திதான் வலக்கையால் வாங்கி வலக்கையால் கொடுக்கிறேன். அம்மா கண்டால் பெருமைப்படுவார். என் வலக்கை மரியாதைக்கு, இடக்கை வேலைக்கு. இதை முதலிலேயே இப்படிப் பிரித்துத் தந்திருந்தால் ஒரு சண்டையும் வந்திருக்காது.

ஊரில் எத்தனையோ சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறேன். இப்போது படை வண்டிகள் என் முன்னால் வந்து நிற்கின்றன, நெடிய டொச்சுப் பொடியன்கள் கண்ணாடியை இறக்கி அட்டையை நீட்டுகிறார்கள். நான் பார்த்து, காலை வணக்கம் சொல்லி, திருப்பிக் கொடுக்கிறேன். ஒருவரையும் வெயிலில் நிற்பாட்டுவதில்லை. ஒருவரிடமும் குரலை உயர்த்துவதில்லை. துவக்கு வைத்திருப்பவர் மரியாதையாக நடக்கலாம் என்பதை ஒவ்வொரு நாளும் செய்து காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

9

இனிப் பஞ்சாமிர்தம்.

நல்ல வெயில். தேர் திரும்பி வந்துகொண்டிருந்தது. துளசி இரண்டு வருடமாகக் கோயில் பக்கம் வராதவள், இந்த முறை தானாகவே வாறன் என்றாள். பாவாடை தாவணி கட்டிக்கொண்டு வந்தாள், பையில் குத்தியிருந்த அந்தச் சின்னத்தை மட்டும் கழற்றவில்லை. அக்காவின் மேசையில் நல்ல கூட்டம். துளசி இடக்கையை நீட்டினாள். அக்கா கரண்டியின் காம்பால் அந்தக் கையைத் தட்டிவிட்டார். பலமாக இல்லை. ஆனால் விரல் முழியில் பட்டது, அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"மற்றக் கையை நீட்டு பிள்ளை. ஆர் உன்னை வளர்த்தது?"

துளசியின் முகம் சிவந்தது. நான் அந்த முகத்தைக் கண்டேன். இனி அவள் இந்தப் பக்கம் வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. கதவு மறுபடி சாத்தப்படும், இந்தமுறை அது அவளுடைய அறைக் கதவாக மட்டும் இராது. கால் திரும்பிவிட்டது அவளுக்கு.

அவளுடைய தோளைப் பிடித்து நிறுத்தினேன். "நான்தான் வளர்த்தனான் அக்கா" என்றேன். என் இடக்கையை அவளுடைய கைக்குப் பக்கத்தில் நீட்டினேன். "என்னை வளர்த்த ஆக்களும் உங்களை மாதிரித்தான் அடிச்சவை. அந்த அடியே காணும், போதும். பிள்ளைக்கும் எனக்கும் இந்தக் கையிலயே போடுங்கோ."

"கோயில் வாசலில நிண்டு என்ன கதை இது, தங்கச்சி?"

"அவளுக்கு அம்மன் தந்த கை அக்கா. நீங்கள் ஏன் தட்டிவிடுறியள்?"

அக்காவின் கரண்டி அப்படியே நின்றது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. யாரோ, "துவக்குக்காரி" என்று சொன்னது எனக்குக் கேட்டது. நான் கையை எடுக்கவில்லை. துளசியும் எடுக்கவில்லை. இரண்டு இடக்கைகள் மேசைக்கு மேலே நின்றன.

அப்போது என் தோளுக்கு மேலாக மூன்றாவது கை ஒன்று வந்தது. மயிரடர்ந்த, அடுப்புச் சூடு பட்டுத் தழும்பேறிய ஆம்பிளைக் கை. இடக்கை. தன் வாழ்நாளில் இடக்கையால் ஒரு தேக்கரண்டிகூடத் தூக்காத மனிதன்.

"எனக்கும் உதிலயே போடுங்கோ அக்கா" என்றார் இவர்.

அக்கா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டு, துளசிக்குப் போட்டார், எனக்குப் போட்டார், இவருக்கும் போட்டார்.

"அப்பா, விரலைச் சேர்த்துப் பிடியுங்கோ" என்றாள் துளசி. அவர் பிடிக்கத் தெரியாமல் பிடித்து, பாதியைப் புது வேட்டியில் ஊற்றிக்கொண்டார்.